கையில் கொடுக்கக் கூடாத உப்பு

கேட்க நேரமிருப்பவர்கள் உட்கார்ந்து கேளுங்கள், நேரமில்லாதவர்கள் போகிற போக்கில் ஒரு காதை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போங்கள். எங்கள் சங்குமேட்டு உப்பளத்தில் உப்பு சேதி கொண்டுபோகத் தொடங்கியது அந்தோணியம்மாளுக்கு வேலை போன மறுநாள் மத்தியானம். சங்குமேடு எங்கே இருக்கிறது என்றால், தூத்துக்குடியிலிருந்து கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே போய், தார்ச்சாலை தீர்ந்து, வண்டிப்பாதையும் தீர்ந்து, கண்ணைக் கூசவைக்கிற வெள்ளை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கே பாத்தி பாத்தியாகக் கடல் காய்கிறது, பாத்திகளுக்கு நடுவே வரப்பு ஓடுகிறது, வரப்பு முடிகிற இடத்தில் கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் நாங்கள் குடியிருக்கிறோம். கால் நனைக்கத் தண்ணீருக்குக் குறைவில்லை, குடிக்கத்தான் கிடையாது. குடிதண்ணீர் லாரியில் வந்து கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சிமெண்டுத் தொட்டியில் இறங்கும்.

அந்தோணியம்மாளுக்கு வேலை போனது அந்தத் தொட்டியால்தான். மேனேஜர் பிரபாகர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், எதையாவது புதுசாகச் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் எங்கள் எல்லார் செல்போனிலும் கம்பெனி ஆப் என்று ஒன்றை ஏற்ற வைத்தார். ஆஜர் போடுவது அதில், லீவு கேட்பது அதில், ஒருவருக்கொருவர் சேதி அனுப்புவதும் அதில், போதாக்குறைக்கு அதன் நெற்றியில் "உங்கள் குறைகளை மனம்விட்டு எழுதுங்கள், ரகசியம் காக்கப்படும்" என்று ஒரு வாசகம். அதை நம்பிய ஒரே ஆத்மா அந்தோணியம்மாள். தொட்டித் தண்ணீர் நாறுகிறது, உள்ளே காக்காய் செத்து மிதக்கிறது, குடித்தவர்களுக்கெல்லாம் வயிற்றால் போகிறது என்று அவள் மனம்விட்டு எழுதினாள். சாயங்காலமே கணக்கப்பிள்ளை தங்கப்பழம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்கப்பழம் எங்கள் ஊர்க்காரர்தான், ஆனால் மேனேஜர் தும்மினால் தன் மூக்கைத் துடைத்துக்கொள்கிற ரகம்.

"பொய்ப் புகார் எழுதியிருக்க. தொட்டிய நான் போயிப் பாத்தேன், காக்காயும் இல்ல குருவியும் இல்ல. நாளையிலேருந்து ஒனக்கு வேல கெடையாது, வீட்டக் காலி பண்ணிரு" என்றார்.

காக்காய் அதற்குள் எங்கோ போயிருந்தது, நாற்றம் மட்டும் போகவில்லை. அன்றைக்குப் பிறகு கம்பெனி ஆப்பில் ரோஜாப்பூவும் குட் மார்னிங்கும் முருகன் படமும் மாதா படமுமாக வந்து குவிந்தன, ஒரு மனுஷருடைய பேச்சுகூட அதில் வரவில்லை. மேனேஜர் அதைப் பார்த்துத் தொழிலாளர்கள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று முதலாளிக்கு எழுதினார்.

மறுநாள் மத்தியானம் சந்தனமாரி வரப்பில் உட்கார்ந்து தனியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தோணியம்மாளும் ஒரே பாத்தியில் உப்பு வாரியவர்கள், ஒரே தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தவர்கள். தோழி வீட்டுக்குள் பானை சட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறாள், இவளுக்கோ சங்கு ஊதுகிற வரை வரப்பை விட்டு நகர முடியாது. போனில் கூப்பிடலாம் என்றால் ஆப் ஏறிய போன் எதையெல்லாம் ஒட்டுக் கேட்கும் என்று யார் கண்டது? கஞ்சியில் போட எடுத்த உப்புக் கல்லை வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, மனசு பொறுக்காமல், "ஏட்டி அந்தோணி, நீ எழுதுனது பொய்யில்லட்டி, அந்தக் காக்காய நானும் பாத்தேன்" என்று சொன்னாள். சொன்ன பிறகு அந்தக் கல்லைக் கஞ்சியில் போடத் தோன்றவில்லை. வரப்பின் மேல் வைத்துவிட்டு வேலைக்கு இறங்கிவிட்டாள்.

அந்த வழியாக வந்த பக்கத்துப் பாத்திக்காரி பேச்சித்தாய் எதற்கென்று தெரியாமல் குனிந்து அதை எடுத்தாள், எடுத்ததைக் கொண்டுபோய்க் கம்பெனி கேட்டின் சுவரில் வைத்தாள். கேட்டுச் சுவரிலிருந்து அதை டீக்கடை சூசை எடுத்துக் கடைப் பலகையில் வைத்தார், கடைப் பலகையிலிருந்து பால்காரர் எடுத்து லைன் வீட்டு முதல் படியில் வைத்தார், அங்கிருந்து யார் யாரோ எடுத்து யார் யாரோ வைத்து, சாயங்காலம் அது அந்தோணியம்மாளின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. உப்பளத்துக்காரர்களுக்கு உப்பைக் கண்டால் நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் உண்டு. அவள் வைத்தாள். வைத்ததும் சந்தனமாரியின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, அவளுக்குள் பேசியது. அந்தோணியம்மாள் வெளியே ஓடிவந்து, வேலை முடிந்து வந்துகொண்டிருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி, "கேட்டுதுட்டி, கேட்டுது!" என்று கத்திவிட்டு அழுதாள்.

யாரும் அதிசயப்படவில்லை. பேச்சித்தாய் மட்டும், "அதான் கை குறுகுறுன்னு இருந்துச்சா" என்று சொல்லிவிட்டு மாவாட்டப் போனாள். மறுநாள் காலை பஸ்ஸில் அந்தோணியம்மாள் வேதாரண்யத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போனாள், பழக்கம் ஊரில் தங்கிவிட்டது. இன்னாருக்கு என்று நினைத்துக்கொண்டு உப்பில் சொன்னால் அது இன்னாருக்குப் போய்ச் சேரும் என்பதை ஒரு வாரத்துக்குள் ஊரே செய்து பார்த்துவிட்டது. செய்து செய்து அதன் குணங்களையும் தெரிந்துகொண்டோம், புதுமாட்டைப் பிடித்து வந்தவன் அதன் குணத்தைத் தெரிந்துகொள்கிற மாதிரி. சேதி சொன்னவர் குரலிலேயே வரும், வேறு ஆள் குரலில் வராது, அதனால் ஏமாற்றுக்கு இடமில்லை. யாருக்கு அனுப்பினோமோ அவர் நாக்கில்தான் பேசும், மற்றவர் நாக்கில் வெறும் உப்பு. தூக்கிக்கொண்டு போகிற கைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் தெரியும், எந்த வீட்டுக்கு என்று தெரியாது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவே தெரியாது. கேட்டை மூடினால் வேலிப் பக்கம் போகும், வேலியை அடைத்தால் மீன் கூடையில் ஏறிப் போகும். ஒருவர் எடுக்க மறந்தால் இன்னொருவர் எடுப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, கையிலிருந்து கைக்கு அதைக் கொடுக்கக் கூடாது, கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தை யாரும் புதுசாகப் போடவில்லை. உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது எங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே படித்துவிடுகிற பாடம். கடையில்கூட உப்புப் பொட்டலத்தைப் பலகையில்தான் வைப்பார்கள்.

ஆரம்பத்தில் வீடுகளில் கொஞ்சம் குழப்பம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். மருமகளுக்கு வந்த உப்பைத் தெரியாமல் ரசத்தில் போட்டுவிட்ட மாமியார்கள் இருந்தார்கள், அந்த ரசத்தைக் குடித்த மருமகள் பந்தியில் உட்கார்ந்தபடியே களுக்கென்று சிரித்துவிட்டு அடி வாங்காத குறையாக எழுந்து போனதும் நடந்தது. புருஷன்மார் சிலர் பெண்டாட்டிக்கு வந்த உப்பை எடுத்து நக்கிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், தாகம் எடுத்துச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தார்கள். கோயில் பூசாரி இது அம்மன் வேலை என்றார், சர்ச் ஃபாதர் இது சேசுவின் வேலை என்றார், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் திருவிழாத் தேதி முட்டிக்கொள்ளாமல் பேசி முடித்தது என்னவோ உப்பு மூலமாகத்தான். பிறகு ஊர் ஒரு ஒழுங்குக்கு வந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிரட்டை கவிழ்க்காமல் வைக்கப்பட்டது, வந்த உப்பு அதில் கிடக்கும். அடுத்தவர் சிரட்டையைத் தொடாத நாக்குத்தான் நல்ல நாக்கு என்று பெண்பார்க்க வருகிறவர்கள் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

அப்படி என்னதான் பேசினார்கள் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. "இன்னைக்கு என்ன கொழம்பு?", "முதுகு வலிக்கு", "அவன் குடிச்சிட்டு வந்தானா, எங்க வீட்டுக்கு வந்து படுத்துக்கிடு", "ஒங்கூடச் சண்ட போட்டதுக்கு மனசு கெடந்து அடிச்சிக்கிடுது" — இவ்வளவுதான். இந்த ஒன்றுமில்லாததைத்தான் கம்பெனி ஆப்பில் சொல்ல முடியாமல் தவித்துக் கிடந்தோம் என்பது சொல்லத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆப்பில் எழுதினால் எழுத்தெல்லாம் முதலில் ஆபீசுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளுக்கு வரும், நான் என் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்வதுகூட மேனேஜர் வீட்டு வாசலை மிதித்துவிட்டு வரும். உப்புக்கு அப்படி ஒரு ஆபீஸ் கிடையாது. தலைவர் கிடையாது, வாட்ச்மேன் கிடையாது, மேலே ஒரு ஆள் கிடையாது, கீழே குனிந்து எடுக்கிறவர்கள் மட்டும்தான். படிப்பறியாத என் புத்திக்கு இதைவிடப் பெரிய யோசனை இந்த உலகத்தில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை, தோன்றியிருந்தால் அவரைக் கும்பிடுகிறேன்.

மேனேஜருக்கு விஷயம் போனது தங்கப்பழம் மூலமாக. மேனேஜர் முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு இந்த வேலை எந்தப் பாத்தியிலிருந்து தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். அவருக்கு எதுவும் ஓரிடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கிழக்குப் பாத்தியில் தொடங்குகிறது என்று யாரோ விளையாட்டுக்குச் சொல்ல, அதன் தண்ணீரை வடித்துவிட்டார்கள். மேற்குப் பாத்தி உப்பு பேசியது. மேற்கையும் வடித்தார்கள். அம்பாரத்தில் குவித்திருந்த பழைய உப்பு பேசியது, கருவாட்டில் ஒட்டியிருந்தது பேசியது, ஊறுகாய் ஜாடியின் விளிம்பில் பூத்திருந்ததும் பேசியது. கடைசியில் அவரே சிரட்டை சிரட்டையாக எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார். பாவம், நல்ல மனுஷர் கெட்டுப்போனார். முகம் உப்பி, பிரஷர் ஏறி, டாக்டர் உப்பைத் தொடாதே என்று சொல்ல, அவர் மோர் குடித்துக்கொண்டே அடுத்த சிரட்டையைக் கொண்டுவரச் சொன்னார். அத்தனை உப்பிலும் அவருக்கென்று யாரும் ஒரு வார்த்தை அனுப்பவில்லை என்பதுதான் அவருக்கு உள்ளூர வலித்திருக்கும் என்று நான் இப்போது நினைக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் தொட்டித் தண்ணீர் பேச்சித்தாயின் பேத்தியைப் படுக்கவைத்தது. குழந்தை தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் கிழிந்த துணியாகக் கிடந்து, ஊர் செய்த நேர்த்திக்கடன்களால் என்றாலும் சரி, டிரிப்ஸால் என்றாலும் சரி, பிழைத்துத் திரும்பியது. அது திரும்பிய அன்று சந்தனமாரி வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டு, ஒரு படி உப்பை முறத்தில் கொட்டி, ஒவ்வொரு கல்லாக எடுத்து, லைன் வீட்டில் குடியிருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரை நினைத்து ஒரே சேதியைச் சொன்னாள்.

"மொதலாளி வார வெள்ளிக்கெழம, சங்கு ஊதுனாலும் பாத்தியில எறங்காதீங்க. நல்ல தண்ணி தாரேன்னு அவுக வாயால சொல்லுத வரைக்கும் வரப்புலயே உக்காருவோம்."

சந்தனமாரிக்கு இதில் என்ன ஆபத்து என்று உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷனுக்கு உப்புத் தண்ணீர் காலை அரித்துப் புண்ணாகி அவன் வீட்டோடு கிடந்தான், சின்னப் பிள்ளைகள் வேறு. முதல் சொல் யாருடையது என்று கம்பெனிக்குத் தெரிந்தால் வேலையோடு வீடும் போகும், அந்தோணியம்மாளுக்காவது போக ஒரு அண்ணன் வீடு இருந்தது, இவளுக்குப் போக்கிடம் இந்த வரப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அவள் இன்னொருத்தி குரலில் அனுப்பியிருக்க முடியாது, உப்பு பொய்க்குரல் பேசாது. ஆக, அன்றிரவு எங்கள் எல்லார் நாக்கிலும் சந்தனமாரியின் குரல்தான் விழுந்தது. என் நாக்கிலும் விழுந்தது. லைன் வீட்டில் அத்தனை பெண்களும் அவள் தலையை எங்கள் வாய்க்குள் வைத்துக்கொண்டு படுத்தோம்.

வெள்ளிக்கிழமை வந்தது, சங்கு ஊதியது, நாங்கள் வரப்பில் உட்கார்ந்தோம். வெயில் ஏற ஏறப் பாத்தி தகதகவென்று எரிந்தது, நாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் இருந்தோம். முதலாளியின் கார் வெள்ளைப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. அவர் இறங்கி, காலியாகக் கிடந்த பாத்திகளையும் நிறைந்து கிடந்த வரப்பையும் பார்த்தார்.

"என்னய்யா இது, எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு எழுதியிருந்த?"

மேனேஜர் வியர்த்துப்போனார். "சார், நான் அன்னிக்கே சொன்னேன், நீங்க நம்பல. இவங்க உப்புல பேசிக்கறாங்க சார். ஒருத்தர்தான் தூண்டிவிட்டிருக்காங்க. தங்கப்பழம், அந்த உப்பக் கொண்டா, சார் நாக்குல வெச்சுப் பாக்கட்டும்."

தங்கப்பழம் அன்று காலை யார் வீட்டுச் சிரட்டையிலிருந்தோ எடுத்துவந்த உப்பை இலையில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அதை எடுத்தார். மேனேஜர் உள்ளங்கையை நீட்டினார். தங்கப்பழம் தயங்கினார், எவ்வளவுதான் கம்பெனி ஆளாக இருந்தாலும் அவர் சங்குமேட்டில் பிறந்த உடம்பு.

"சார், உப்பக் கையில குடுக்கப்படாது. கீழ வைக்கேன், எடுத்துக்கிடுங்க."

"இந்த மூடநம்பிக்கையெல்லாம் என்கிட்ட வேண்டாம். குடுய்யா."

பேச்சித்தாய் அந்த நேரத்திலும் பொறுக்கமாட்டாமல், "ஐயா வேண்டாம்யா, கீழ வச்சு எடுங்க" என்று கத்தினாள், சத்ருவுக்குக்கூட அந்தத் தப்பு நேரக் கூடாது என்று நினைக்கிற மனசு அது. மேனேஜர் கேட்கவில்லை. தங்கப்பழம் உப்பை மேனேஜர் கையில் கொடுத்தார், மேனேஜர் அதில் பாதியை முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பாத்தான்யா இருக்கு" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, சண்டை வந்தது.

எப்படி வந்தது, யார் தொடங்கினார்கள் என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. தங்கப்பழம்தான் முதலில் வேட்டியை மடித்துக் கட்டினார். "காக்காய தொட்டியிலேருந்து எடுத்துப் போட்டது நானு! மண்ணத் தோண்டிப் பொதச்சது நானு! எடுத்துப் பொதச்சிட்டு அந்தப் பொம்பள பொய் சொல்லுதான்னு எழுதுன்னு சொன்னது யாரு, நீரா நானா?"

"நீ புதைச்சதுக்கு நான் என்னய்யா பண்ண? அத்தாட்சிக்குத் தொட்டித் தண்ணிய போட்டோ எடுத்து அனுப்புன்னா, காக்காயப் புதைச்ச பிறகு சாயங்காலந்தானே எடுத்த! அதைக் காலைலயே எடுத்ததுன்னு நான் பொய் எழுத வேண்டியதாப் போச்சு!" என்று மேனேஜர் எகிறினார். அப்படியே முதலாளி பக்கம் திரும்பி, "தொட்டிய மாத்தணும்னு நான் கேட்டப்ப இந்த சீசன் போகட்டும்னு சொன்னது நீங்கதானே சார்!" என்றார்.

முதலாளி சிவந்துபோய்க் கத்தினார். "சொன்னேன்யா! காக்கா விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்தப் பொம்பள எழுதினது எனக்கும்தான் வந்துச்சு, இவங்க எழுதற ஒவ்வொண்ணும் எனக்கு வரும், நான்தான் அவளைத் தூக்கச் சொன்னேன்!"

மூன்று பேரும் அதற்கு மேல் பேசியதைச் சபையில் சொல்ல முடியாது. ரகசியம் காக்கப்படும் என்று எங்களுக்கு எழுதிக்கொடுத்தவர்கள் தங்கள் ரகசியம் அத்தனையையும் நடுவெயிலில் நின்று எங்கள் முன்னால் கொட்டினார்கள். உப்பின் வேகம் தீர்ந்ததும் மூன்று பேரும் அவரவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கடல்காக்காய் ஒன்று மேலே கத்திக்கொண்டு போனது.

முதலாளி லேசுப்பட்ட ஆள் இல்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, எங்கள் பக்கம் வந்தார். குரலைத் தணித்து, "சரி, தப்பு நடந்துபோச்சு. தண்ணி தாரேன், புதுத் தொட்டி கட்டித் தாரேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத மொதல்ல சொன்னது யாரு? பேரச் சொன்னா சாயங்காலமே நல்ல தண்ணி லாரி வரும்" என்றார்.

நான் சந்தனமாரியைப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டேன். எல்லாரும் அப்படித்தான் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேர் அத்தனை திசையைப் பார்த்தோம். பேச்சித்தாயின் மடியில் பேத்தி வறண்ட உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பெயர், அதைச் சொன்னால் தண்ணீர். என் வாயில் அந்தப் பெயர் புளித்துக்கொண்டு வந்தது, மற்றவர்களுக்கு எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது, எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. அப்போது சந்தனமாரி எழுந்திருக்கப் பார்த்தாள். குழந்தையின் உதட்டைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் சேலைத் தலைப்பின் மேல் பேச்சித்தாய் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். எழ முடியவில்லை.

பேச்சித்தாய் பேத்தியைப் பக்கத்து மடிக்கு மாற்றினாள். உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து வரப்பிலிருந்து ஒரு கை உப்பை அள்ளி, கையை எட்டி நீட்டி, முதலாளியின் காலடியில் வைத்தாள்.

"இதுதான்யா சொல்லிச்சு" என்றாள்.

அடுத்தவள் எழுந்து போய் ஒரு கை உப்பை வைத்தாள். "இதுதான்யா." அடுத்தவள் வைத்தாள். வரப்பு முழுவதும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய், குனிந்து, கீழே வைத்து, வேறொரு வார்த்தை பேசாமல், வந்த இடத்தில் வந்து உட்கார்ந்தோம். சந்தனமாரியும் வைத்தாள், அவள் கை நடுங்கியதை அவருக்குத் தெரியாமல் மறைக்க அவளுக்கு முன்னும் பின்னும் போனவர்களும் கையை நடுக்கிக்கொண்டு வைத்தார்கள். முதலாளியின் பளபளப்பான செருப்பு மறைகிற மட்டும் உப்பு குவிந்தது. குனிந்து எடுத்து நாக்கில் வைக்கலாமா என்று ஒரு நொடி யோசித்ததை நான் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை. காலை உதறிவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

கேட்ட பெயர் கிடைக்காமலே சாயங்காலம் நல்ல தண்ணி லாரி வந்தது. மழைக்கு முன்னால் மூடி போட்ட புதுத் தொட்டியும் வந்தது. மேனேஜர் வேறு ஊருக்குப் போனார், போகிற அன்று அவருடைய வாசல்படியில் யாரோ ஒரு கல் உப்பு வைத்திருந்தார்கள், அவர் அதை நாக்கில் வைத்துவிட்டு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தார் என்று சூசை சொன்னார். என்ன கேட்டது என்று அவருக்குத்தான் தெரியும். தங்கப்பழம் இப்போதும் கணக்கப்பிள்ளைதான், ஆனால் எதையும் யாரிடமும் கையில் கொடுப்பதில்லை, சாவியைக்கூடக் கீழே வைக்கிறார்.

புதுத் தொட்டியில் தண்ணீர் இறங்கிய சில நாளில் சந்தனமாரியின் சிரட்டையில் எங்கள் உப்பைப் போல இல்லாமல் கொஞ்சம் பொடியாக, கொஞ்சம் பழுப்பாக ஒரு கல் கிடந்தது. வேதாரண்யத்து உப்பு. எத்தனை பஸ் டிரைவர், எத்தனை மீன்காரி, எத்தனை ஓட்டல் மேசை கடந்து வந்ததோ, அத்தனை ஊர்க்காரர்களும் எங்களை யாரென்று தெரியாமல், ஏன் என்று கேட்காமல், குனிந்து எடுத்துக் கொஞ்ச தூரம் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வழியில் கிடக்கிற உப்பைத் தாண்டிப் போகக் கால் வராது. சந்தனமாரி அதை நாக்கில் வைத்தாள். அந்தோணியம்மாள் குரல் கேட்டதாம், "தண்ணி இப்ப எப்படிட்டி இருக்கு?" என்று. அவள் தொட்டிக்குப் போய் ஒரு செம்பு பிடித்துக் குடித்துவிட்டு, ஒரு கல்லை எடுத்து, "வந்து குடிச்சுப் பாருட்டி" என்று சொல்லிவிட்டு, கம்பெனி கேட்டின் சுவரில் வைத்தாள். பொங்கலுக்கு முன்னால் அந்தோணியம்மாள் பானை சட்டியோடு வந்து இறங்கினாள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லக் கம்பெனியில் யாருக்கும் வாய் வரவில்லை.

கதை முடிந்தது, ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். முதலாளி இன்னும் இருக்கிறார், கம்பெனி இன்னும் இருக்கிறது, இந்தக் கதையும் எப்படியாவது சுற்றி அவர் காதுக்குப் போகும். அதனால் சந்தனமாரி என்று ஒருத்தி எங்கள் லைன் வீட்டில் கிடையாது. அந்தோணியம்மாளுக்கு அங்கே எத்தனையோ தோழிகள், முதல் சொல்லைச் சொன்னவளின் புருஷனுக்குக் கால் நன்றாகவே இருக்கிறது. அவள் உண்மைப் பெயர் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் சங்குமேட்டுக்கு வாருங்கள், நல்ல தண்ணீர் தருகிறோம், குடியுங்கள். பிறகு எங்களில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எல்லாருக்கும் தெரியும், உங்கள் காலடியிலும் ஒரு கை உப்பை வைப்போம்.